உட்காரும் இடத்து ரத்தக்கட்டு

பிரசவ வார்டு நர்ஸ் வேலையில் ஒரு விசேஷம்: குழந்தையைப் பார்க்க ஊரே வரும், அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்க நாம் மட்டும்தான். தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பட்டதை, என்னைப்போல் கால் கடுக்க நிற்கும் சிஸ்டர்களுக்குச் சொல்கிறேன்.

லீவு லெட்டர்

சுகப்பிரசவமான சிலருக்குப் பிறப்புறுப்பின் ஓரத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டி வீங்கிவிடும். சின்னதென்றால் ஐஸும் வலி மாத்திரையும் போதும். தானே கரையும்; பெரிதாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை வெளியே சொல்ல ஒரு கணவருக்குக் கூச்சம். சிறுசேரி ஆபீசுக்கு, "மனைவிக்கு ரத்தக்கட்டு, லீவு வேண்டும்" என்று மட்டும் மெசேஜ் போட்டார். மாலையில் நண்பர்கள் நாலு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு பதறி ஓடிவந்தார்கள். ஒருவர் அவரை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டார்: "குழந்தை பொறந்து ஒரு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள எதுக்கு மச்சான் அவங்கள பைக்ல ஏத்தி கீழ போட்ட?"

மேலும் கீழும்

கோவிலம்பாக்கத்து மாமியார் ஒருவர். மருமகளுக்குத் துணியில் சுற்றி ஐஸ் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனால் ஐஸ் வாஷ்பேசினில் கிடக்கிறது, அந்த இடத்தில் வெந்நீர்ப் பை! முதல் நாளே சூடு வைத்தால் வீக்கம் கூடும் என்றேன். "பச்ச உடம்புக்கு ஐஸா? ஜன்னி வந்துடும்!" என்றார். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஐஸுக்குச் சம்மதித்தார். ஆனால் மருமகள் காதில் பஞ்சை அடைத்து, தலையில் டவலை இறுக்கிக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்: "கீழ உன் வைத்தியம், மேல என் வைத்தியம். எது ஜெயிக்குதுன்னு பார்த்துடலாம்."

வாழைப்பழம்

இது என் தப்பு. பொத்தேரிப் பெண் ஒருத்தி, பிரசவமாகி மூன்று மணி நேரம். "ரொம்ப வலிக்குது சிஸ்டர், வெளிக்கு வர மாதிரியே முட்டுது" என்றாள். "தையல் வலிதாம்மா" என்றேன். மலச்சிக்கல் என்று அவள் அம்மா ஒரு வாழைப்பழம் கொடுத்தார். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி அதே பதில், இன்னொரு பழம்.

மூன்றாம் முறை அவள் கத்தியபோது முகம் வெளுத்திருந்தது, நாடி படபடவென்று ஓடியது. திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் மாதிரி ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. டாக்டரிடம் ஓடினேன். தியேட்டரில் கட்டிய ரத்தத்தை எடுத்து, கசிந்த இடத்தைத் தைத்தார்; ரத்தம் ஏற்றினோம். பிழைத்தாள்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். சிரித்தாள். "அதெல்லாம் வேணாம் சிஸ்டர். அடுத்த வாட்டி நான் கத்தினா, எங்கம்மா பழத்த உரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க."

ஆக, வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் போர்வையை விலக்கிப் பார்ப்பதுதான் நர்ஸ் வேலை. மற்றதெல்லாம் வெறும் யூனிஃபார்ம்.