போன் டின்னுக்குக் காவல்

சேலையூரில் எங்கள் சபையின் பாடகர் குழுவைப் பதினோரு வருஷமாக நான்தான் நடத்துகிறேன். சனிக்கிழமை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை பயிற்சி. இருபத்து நான்கு பேர், இருபத்து நான்கு போன். இதில் பாட்டு எங்கே வரும்? பிரிட்டோ பின்வரிசையில் நின்று பாட்டுத்தாளுக்குள் மறைத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பான். ஷீலா வாயைத் திறந்த பிறகுதான் அவள் மாமியாருக்கு வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா காணாமல் போகும். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். சைலண்டில் போட்டுவிட்டோம் என்பார்கள். அது பெஞ்சில் கிடந்து உறுமும்.

போனைத் தொடாத ஒரே ஆள் ஹெப்சி அக்கா. வயது ஐம்பத்து மூன்று. அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் ஐந்து மணிக்கே வந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிடுவார். கேம்ப் ரோட்டில் ஒரு கிளினிக்கில் அவருக்கு வேலை. டோக்கன் நம்பரைச் சொல்லி நோயாளிகளைக் கூப்பிட வேண்டும். "வாரம் பூரா நம்பர் கத்துறேன் மாஸ்டர். சனிக்கிழமைதான் பாடுறேன்" என்று ஒருமுறை சொன்னார். கணவர் இறந்த வாரத்தில்கூட பயிற்சிக்கு வந்தவர். சோப்ரானோ என்கிற உச்சக் குரல் வரிசையில் பத்தொன்பது வருஷமாக முதல் இடம் அவருக்குத்தான்.

அந்தக் குரல் போன வருஷத்திலிருந்து உடைய ஆரம்பித்தது. நம்பர் கத்தியே தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பாட்டு மேலே ஏறும் இடங்களில் கிழிந்தது. மற்ற பெண்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் தாளைப் பார்ப்பேன். பூனைக்கு யார் மணி கட்டுவது? கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எல்லோருடைய போனையும் ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கிப் போட்டு, அக்காவிடம் கொடுத்து, வராந்தாவில் உட்கார வைத்தேன்.

"உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாதுக்கா. அவசரம்னா மட்டும் உள்ள வந்து சொல்லுங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

ஒரு பொய்யை இவ்வளவு மரியாதையாக நான் சொன்னதே இல்லை. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன் தொல்லை ஓயுற வரைக்கும்தானே மாஸ்டர்?"

ஆமாம் என்றேன்.

அக்கா அந்த வேலையை விளையாட்டாகச் செய்யவில்லை. அடிக்கிற ஒவ்வொரு போனையும் எடுத்தார். டோக்கன் கூப்பிடுகிற அதே குரலில், "பாட்டு பிராக்டிஸ்ல இருக்காங்க. உயிர் போற விஷயமா? இல்லன்னா ஏழரைக்கு மேல பேசுங்க" என்பார். ஷீலாவின் மாமியாருக்கு மூன்றாவது வாரமே மிளகாய்த்தூள் தானாகக் கிடைத்துவிட்டது. பிரிட்டோவின் கேளம்பாக்கம் ஆபீஸ் மேனேஜர் ஹரிபிரசாத்துக்கும் அதே பதில்தான். அந்த ஆள் திங்கட்கிழமை பிரிட்டோவிடம், "உங்க சர்ச்ல யாருப்பா அந்த மேடம்?" என்று பயந்து கேட்டாராம். உள்ளே பாட்டும் சுத்தமாக வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாவது சனிக்கிழமை அக்கா டின்னை என் கீபோர்டு பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"போன வாரம் ஒரு போன்கூட அடிக்கல மாஸ்டர். இன்னிக்கு எல்லாரும் அவங்களாவே ஆஃப் பண்ணித்தான் போட்டிருக்காங்க. இனிமே காவல் வேணாம். நான் பாட வரலாமில்ல?"

இதற்காகத்தான் அவர் அத்தனை பேரையும் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அது வந்துக்கா…" என்று இழுத்தேன்.

அக்கா பாட்டுத்தாளைப் பிரித்துக் காட்டினார். பென்சிலால் நான்கு இடங்களில் வட்டம் போட்டிருந்தார்.

"நீங்க உள்ள பாடுறப்பல்லாம் நானும் வெளிய மெதுவாப் பாடிப் பாத்தேன். இந்த நாலு இடமும் எனக்கு ஏறல. அங்க வாயை மூடிக்கிறேன். மத்த இடத்துல பாடுறேன்."

காவல் வெறும் சாக்கு என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் பாடியவரிடம் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், கையில் டின்னைக் கொடுத்து வெளியே அனுப்பியவன் நான். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தாளைப் பார்த்தேன். என் காதுக்கு இடித்தவை மூன்று இடங்கள்தான். நான்காவதில் அவர் குரல் நன்றாகவே இருந்தது.

"கடைசி வரியில வட்டம் போட்டிருக்கீங்களே, அது உங்களுக்கு நல்லா வருதுக்கா. அங்க மூடாதீங்க."

அக்கா அந்த வட்டத்தை மட்டும் ரப்பரால் அழித்தார்.

"அப்ப மத்த மூணும் சரிதான்" என்றார்.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு சோப்ரானோ வரிசைக்குப் போனார். ஷீலா நகர்ந்து முதல் இடத்தைக் கொடுத்தாள். அக்கா தலையசைத்து மறுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.