ஒரு சாண் அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர்

என் மேசைமேல் ஒரு மூட்டை இருக்கிறது. பழைய தலையணை உறைக்குள் வைத்து, வாயை முடிச்சுப் போட்டுக் கட்டிய மூட்டை. உள்ளே இருப்பது அண்ணனும் நானும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர். போன மாதம் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, வீட்டைக் காலி செய்தபோது இதை என் கையில் கொடுத்தார். விருதுநகர் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "என்ன சார், கோயில் பிரசாதமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வந்த நாளிலிருந்து முடிச்சை அவிழ்க்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, துக்கம் என்றும் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது.

அண்ணன் இறந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தான். என்னை மட்டும் அந்தத் திசைக்கே விடவில்லை. படிக்க வைத்தான், நான் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களும் காலண்டர்களும் டிசைன் செய்கிற வேலையில் சேர்ந்தேன். வெடிக்குள் போகிற பொடியை எங்கள் ஊரில் மருந்து என்போம். அதைக் கலக்குகிற அறை மருந்து ரூம். கம்பெனியில் கூலி அதிகம் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். அண்ணன் அங்கேதான் இருந்தான். மல்லாங்கிணற்றிலிருந்து பெண் கொடுக்க வந்த மதினியின் அப்பா, காப்பியைக்கூடத் தொடாமல் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "எங்க ஊர்ல மழை இல்லாட்டி வெள்ளாமை இருக்காது, அம்புட்டுத்தான். மாப்பிள்ளை மருந்து ரூமை விட்டு வெளிய வரட்டும், பொண்ணத் தாரேன்." அண்ணன் மறுநாளே பேக்கிங் பகுதிக்கு மாறிக்கொண்டான். கூலி குறைந்தது. அதைப் பற்றி அவன் குறைபட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் ஆசை அவனுக்கு வந்தது என்னால். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். ஏதோ வேலையாக அச்சகத்துக்கு வந்தவன், சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் கார் ரேஸ் விளையாடுவதைப் பார்த்துவிட்டான். திரையில் கடலோரமாக ஒரு ரோடு. எல்லாரும் காரைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், "ஏலே, அது நம்ம வீட்டுல ஓடுமா?" என்று கேட்டான். ஓடும், ஆனால் நம்மிடம் வாங்க வசதியில்லை, வைக்க இடமும் இல்லை என்றேன். "வாங்க வேணாம். செய்வோம்" என்றான். ஏதோ முருங்கைக்காய்க் குழம்பு வைப்பதைப் போலச் சொன்னான்.

இடம் என்று எங்கள் வீட்டில் இருந்தது சிமெண்ட் அலமாரியில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலம். மதினியின் டிவியை நகர்த்த அண்ணனுக்கே துணிச்சல் கிடையாது. ஆகவே கம்ப்யூட்டர் ஒரு சாணுக்குள் அடங்கியாக வேண்டும். அச்சகத்தில் கழித்துப்போட்ட சின்ன மதர்போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கும், பதினைந்து அங்குல பழைய மானிட்டரும் வந்தன. மானிட்டருக்கு அரிசி டிரம்தான் மேசை. சிடி டிரைவை எப்படித் திருப்பிப் போட்டாலும் உள்ளே நுழையவில்லை, கடைசியில் அதை வெளியே வயரோடு தொங்கவிட்டோம். மதினி அதைப் பார்த்து, "என்ன, கன்னுக்குட்டிய வெளிய கட்டியாச்சா?" என்று கேட்டார்.

பெட்டியைச் செய்தது அண்ணன். அச்சடித்து முடித்த ஆப்செட் பிளேட்டுகள் மெல்லிய அலுமினியத் தகடுகள், எடைக்குப் போடுவார்கள். அதில் நான்கைக் கொண்டுவந்தேன். மரச் சட்டம் அடித்து, தகட்டை வளைத்து, கையைக் கிழிக்காதபடி ஓரங்களை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி மடித்தான். தகடுகளில் தேதிக் காலண்டர் அச்சான தடம் அழியாமல் இருந்தது. பெட்டியின் இடது பக்கம் முழுக்க ஒரு ஆடி மாதம், இளம் நீலத்தில். காற்றுக்கு ஒரு பக்கம் ஓட்டை போட்டால் போதும் என்றேன். அவன் கேட்கவில்லை. "எந்த ரூமுக்கும் ரெண்டு பக்கம் வாசல் வேணும்லே. உள்ள இருக்கறது வெளிய ஓடிவர வேணாமா?" என்று இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டான்.

ராம் என்கிற மெமரிச் சில்லை மாட்டுகிற அன்றைக்கு நான் கொஞ்சம் வாத்தியார் தோரணையில் சொன்னேன்: உடம்பில் மின்சாரம் தேங்கியிருக்கும், ஏதாவது இரும்பைத் தொட்டு அதை இறக்கிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியில் ராம் செத்துவிடும். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இத எனக்குச் சொல்லித்தாரியாலே?" மருந்து ரூம் வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். வருடக்கணக்காக அதைத் தொட்டவன் அவன். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வாசலில் இருந்த இரும்புக் குழாயைத் தொடாமல் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, சும்மா ஆன் பண்ணுவதற்குக்கூட. நான் மறந்தால், "தொட்டியாலே?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அவன் கார் ஓட்டிய அழகைச் சொல்ல வேண்டும். வெடிக்கு நடுவில் வேலை பார்க்கிறவன், விளையாட்டிலும் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டான். மற்ற கார்கள் எல்லாம் முடித்துவிட்டு நிற்கும், இவன் பாதி வழியில் கடலோரம் போய்க்கொண்டிருப்பான். கேலி செய்தால், "கடைசியா வந்தா என்னலே, வந்து சேருதோம்ல" என்பான். அவனுக்கு இருந்த ஒரே குறை கடல்தான். எங்கள் மதர்போர்டில் கடல் நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அசையாமல் கிடந்தது. அச்சகத்தில் பார்த்த கடலில் அலை இருந்தது, வெயில் பட்டு மின்னியது. அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும், விலை அதிகம் என்றேன். இரண்டு மாதம் கழித்துப் பணத்தோடு வந்தான். "பேக்கிங்ல ஓவர்டைம்" என்றான். கார்டு வந்தது, அலை வந்தது. மதினியும் வந்து நின்று பார்த்துவிட்டு, "கடல் நல்லாத்தான் இருக்கு. காரைக் கொஞ்சம் ஓரங்கட்டி நிப்பாட்டுங்க, பாப்போம்" என்றார். அண்ணன் நிறுத்தினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கடலைப் பார்த்தார்கள்.

தினமும் சாயங்காலம் கம்பெனியிலேயே குளித்துவிட்டு வருவான். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் அலமாரி முன்னால் நின்றபடியே துண்டால் தலையைத் தட்டித் தட்டி உலர்த்துவான். இது தினமும் நான் பார்த்த காட்சி. பார்த்தேன் என்பது மட்டும்தான்.

தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்தபோது கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெட்டியைத் திறந்தேன். ஃபேன் இறக்கைகளிலும், மதர்போர்டிலும், புது கிராபிக்ஸ் கார்டிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு. விரலால் தொட்டுத் தேய்த்தேன். விரல் வெள்ளியாக மின்னியது. மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. பேக்கிங்கில் இருப்பவர்கள் மேல் காகிதத் தூசி இருக்கும், லேபிள் சாயம் இருக்கும். இது ஒட்டுவது ஒரே ஒரு அறையில் வேலை செய்கிறவர்கள் மேல்தான். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அண்ணன் என் விரலைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"என்னலே அது?"

"தூசி" என்றேன்.

"தூசியா?"

"தூசிதான். தொடச்சிட்டா ஓடும்."

பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடமாகத் துடைத்தேன். அவன் கழற்றிய திருகுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம், "வேற எதுவும் வாங்கிப் போடணுமாலே?" என்று கேட்டான். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உடனே சொன்னேன். "இன்னொரு ராம் போட்டா நல்லாருக்கும்." அவன் தலையை ஆட்டினான். அடுத்த மாதம் ராம் வந்தது. கார்கள் தடங்கல் இல்லாமல் பறந்தன. அவனுடைய கார் மட்டும் பழையபடி மெதுவாகப் போனது.

அதற்கு அடுத்த வருடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அச்சகத்தில் எழுந்த நேரம் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்கமாட்டார்கள், எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மாடிக்கு ஏறிப் புகையைப் பார்த்தேன். இறங்கி வந்து, திறந்து வைத்திருந்த ஃபைலைச் சேவ் செய்தேன். பிறகுதான் சைக்கிளை எடுத்தேன். அந்த ஃபைலை ஏன் சேவ் செய்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அழுகையும் வரவில்லை. மூன்றாம் நாள் கூட வேலை பார்த்தவர்கள் வந்து மதினியிடம், "அவரு பேக்கிங்லதான்மா இருந்தாரு. அன்னைக்கு மருந்து ரூம்ல ஒரு ஆள் வரல, ஒரு கை உதவிக்குப் போனாரு" என்றார்கள். நல்ல மனிதர்கள். வந்தவர்களிடமெல்லாம் மதினி வருடக்கணக்காக அதையே சொன்னார். "உதவிக்குத்தான் போனாக. ஒரே ஒரு நாளு." நான் பக்கத்தில் இருந்தால் தலையாட்டுவேன். என்னிடம் இருந்த உண்மையை அவருக்குத் தெரியாமல் பாதுகாக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தலையாட்டினேன்.

போன மாதம், மல்லாங்கிணற்றில் தன் தம்பி வீட்டோடு இருக்கப் போவதாக மதினி சொன்னதால், சாமான் கட்ட உதவிக்குப் போனேன். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து அவர் தலையணை உறைக்குள் வைத்தார். அட்டைப்பெட்டி இருக்கிறதே மதினி, துணி எதற்கு என்றேன்.

"இது அவுக தலகாணி ஒறை தம்பி. தொவைச்சுத் தொவைச்சுப் பாத்தேன், அந்த மினுமினுப்பு போகவே மாட்டேங்குது."

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தேன். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டதாக ஞாபகம்.

"அந்தக் கார்டு வாங்குன மாசத்துல இருந்து தெரியும். அவுகளும் சொல்லல, நானும் கேக்கல. சாயங்காலம் ஆனா அந்தக் கடலு முன்னால உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பாக. கேட்டுட்டா அது போயிருமேன்னு இருந்துட்டேன்." முடிச்சை இறுக்கினார். "நீங்க தூசின்னு சொன்னதும் கேட்டுச்சு தம்பி. அடுப்படியிலதான் இருந்தேன். அப்புறம் ராம் வேணும்னு சொன்னீகளே, அதுவும் கேட்டுச்சு."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும். "சோறு வடிச்சிருக்கேன், சாப்பிட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது தடவை மோர் கேட்டேன், ஊற்றினார்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய், இந்த வீட்டுக் குழாயைத் தொட்டுவிட்டு வந்து முடிச்சை அவிழ்த்தேன். ஆடி மாதம் அப்படியே இருக்கிறது. திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். இரண்டு ராம்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டின் மேலும் ஒரே படிவு. நான் துடைத்த பிறகு அவன் தலையிலிருந்து மறுபடியும் விழுந்தது. கரண்ட் கொடுத்தால் ஓடாது. துடைத்தால் ஒருவேளை ஓடும். அன்றைக்கு அப்படித்தான் ஓடவைத்தேன்.