பொலெட்டே கொடுக்காத கேக்

பொலெட்டே வீட்டுக் காப்பி மேசையிலிருந்து பாதியில் எழுந்து போனவர் கிடையாது. டேனிஷ் நாட்டின் தெற்கு யூட்லாண்டில் எங்கள் வழக்கம் அப்படி. முதலில் வெண்ணெய் தடவிய பன், அப்புறம் மெத்தென்ற கேக் ஏழு வகை, அதற்கப்புறம் மொறுமொறு பிஸ்கட் ஏழு வகை. ஒன்றைத் தொடாமல் எழுந்தாலும் வீட்டுக்காரியை அவமதித்த கணக்கு. பொலெட்டே விஷயத்தில் அது உயிருக்கே ஆபத்து என்று ஊரில் சொல்வார்கள்.

1940 ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவளுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். எதிர்வீட்டு ஆனெ மரீயின் வயிறு எரியவேண்டும் என்றே முதல் நாளே மேசையை அலங்கரித்து, விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டிருந்தாள். நடுவில் கறுப்பு ரொட்டித் தூளில் செய்து பாலாடை பூசிய கேக். அது அவள் புருஷன் யெஸ்ஸுக்கு உயிர். போன யுத்தத்தின்போது எங்கள் பக்கம் ஜெர்மன் கைசருக்குச் சொந்தம். டேனிஷ்காரன் யெஸ்ஸையும் ஜெர்மன் படைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. மகன் நிஸ் அப்பா முகம் பார்த்ததே இல்லை.

சண்டைக்கே வரமாட்டேன் என்று போன வருஷம்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த ஜெர்மனி, அன்று விடிவதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டது. நிஸ் டேனிஷ் படையில் சைக்கிள் சிப்பாய். சாலையில் சுட்டுப் பார்த்தான், கெண்டைக்காலில் குண்டு உரசியது, நேராக அம்மாவிடம் வந்தான். வந்தவன் பட்டாளத்துச் சைக்கிளை முற்றத்தின் நடுவிலேயே போட்டுவிட்டான், அறிவாளி!

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். பொலெட்டே மகனை மேசைக்கடியில் தள்ளினாள். ஒரு கணம் யோசித்து, அந்தக் கறுப்பு ரொட்டிக் கேக்கையும் தட்டோடு உள்ளே தள்ளிவிட்டாள்.

ஓர் இளம் அதிகாரியும் நான்கு சிப்பாய்களும் நுழைந்தார்கள்.

"அந்தச் சைக்கிள் யாருது?"

"என்னுது."

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தான். ஆள் கொஞ்சம் அகலம்.

"என்ன பாக்குற? நான் உக்காந்தா சைக்கிளுக்குத்தான் கஷ்டம், எனக்கில்ல. உனக்கு எந்த ஊர் தம்பி?"

"ஃப்ளென்ஸ்போர்க்."

"அட, எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊர்ப் பிள்ள! அப்ப காப்பி மேச மரியாத தெரியுமே. இன்னைக்கி எனக்குப் பொறந்தநாள். உக்காரு."

அவனுக்குத் தெரியும். அதுதான் அவன் கெட்ட நேரம். கூச்சத்தோடு உட்கார்ந்தான். தொழுவத்தையும் பரணையும் குடைந்துவிட்டு வந்த சிப்பாய்களின் கையிலும் பொலெட்டே கோப்பையைத் திணித்தாள். தங்கள் முழங்காலுக்குக் கீழே யார் தேடுவார்? ஒருவனுடைய பூட்ஸ் நிஸ்ஸின் விரலை மிதித்தது. நிஸ் விரிப்பைக் கடித்துக்கொண்டான்.

ஆறாவது கேக்கில் அதிகாரி பெல்ட்டைத் தளர்த்தினான்.

"போதும்மா, கடமை இருக்கு."

"இருக்கட்டுமே. எங்க நாடு எங்கயும் ஓடிறாது. இத எங்கம்மா சொல்லிக்குடுத்த மாதிரி செஞ்சிருக்கேன். வேணாங்கிறியா?"

சாப்பிட்டான். பிஸ்கட்டுக்குப் போனபோது ஆனெ மரீ வாசலில் நின்று கத்தினாள்.

"பொலெட்டே! நம்ம ஆளுங்க சண்டைய நிறுத்திட்டாங்களாம்! ரேடியோவுல சொல்றான்!"

பொலெட்டே காப்பிக் கெண்டியை மேசையில் வைத்தாள். நாடே அவ்வளவுதானா என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

அதிகாரி புன்னகைத்தான். "முடிஞ்சிருச்சும்மா. அந்தச் சைக்கிள்காரன் எங்க இருந்தாலும் வெளிய வரலாம். ஒண்ணும் செய்யமாட்டோம்."

"உருளக்கெழங்கு தோண்டுறதுக்குள்ள வந்துருவான்னு சொல்லித்தான் என் புருஷனையும் கூட்டிட்டுப் போனீங்க" என்றாள் பொலெட்டே. "இன்னும் மூணு பிஸ்கட் பாக்கி. சாப்பிடு."

அதிகாரி மூன்றையும் சாப்பிட்டு முடித்தான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சல்யூட் வைத்துவிட்டு, ஆட்களோடு போனான்.

லாரிச் சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் அவள் விரிப்பைத் தூக்கினாள்.

"ஏம்மா, சண்ட முடிஞ்சதுன்னு சொன்னப்பவே கூப்பிட்டிருக்கலாம்ல?"

"அவன் சொன்னா முடிஞ்சிருமா? நான் சொல்லணும்."

நிஸ் நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். மூக்கெல்லாம் பாலாடை. பின்னால் காலித் தட்டு, வழித்து நக்கிய தட்டு.

பொலெட்டே அதைப் பார்த்தாள். யெஸ் செத்த சேதி வந்த அன்று அழாதவள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பசிச்சுதும்மா..." என்றான் நிஸ், பயந்துபோய்.

"படுபாவி! உங்கப்பனும் இப்படித்தாண்டா" என்றாள், அழுகைக்கு நடுவே சிரித்தபடி. "எனக்குன்னு ஒரு துண்டு வச்சதே இல்ல."