கண்டக்டர் மகன் மூட்டை தள்ளிய கதை

என் அண்ணனுக்குப் பஸ் ஆகாது. லேசாகத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும் என்கிற ரகமில்லை. ஏறி உட்கார்ந்ததுமே முகம் வெளிறும். முதல் திருப்பத்தில் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் அப்பா பஸ் கண்டக்டர்.

"எனக்குச் சோறு போடறதே இந்த பஸ்தான். எனக்குப் போய் இப்படி ஒண்ணு பொறந்திருக்கு பாரு," என்று அப்பா டிரைவரிடம் புலம்புவார். டிரைவர் தன் பங்குக்கு, "உங்க பையன் ஏறினா பின்னால வர்ற சைக்கிள்காரன்கிட்ட நான்ல திட்டு வாங்கறேன்," என்பார். இந்தப் பேச்சுக்குப் பயந்தே அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான். ஓசி பஸ் பாஸ் அலமாரியில் தூங்கியது. அவன் விமானப்படையில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்ற அன்று வீடே சிரித்தது. சரக்கு விமானப் பிரிவில் ஸ்டோர் வேலை, கால் தரையை விட்டு எழும்பாது என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் அம்மா பெட்டியில் துணி மடித்து வைத்தாள்.

என் கல்யாணத்தன்று அவன் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குத் துணையாக அவனையும் காரில் ஏற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? கார் வந்து நின்றபோது என் வீட்டுக்காரர் புது உடுப்பைக் கழற்றிக் கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு, கடன் வாங்கிய சட்டையோடு இறங்கினார். அவர் ராணுவக்காரர், வாய் சும்மா இருக்காது. அன்றிலிருந்து அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், "வாங்க மச்சான், ரோடு நேரா இருந்துச்சா?" என்பார். அண்ணன் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். உள்ளுக்குள் அது குத்தியது என்பது எனக்குத் தெரியும்.

போர் வந்தது. என் வீட்டுக்காரரை ஒரு மலை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மேலே போய்ச் சேர்ந்த சில வாரத்தில், கீழே இருந்த ஒரே பாலத்தை எதிரி தகர்த்துவிட்டான். பாதை போயிற்று. மேலே இருந்தவர்களுக்குச் சோறு, மருந்து, தோட்டா எதுவானாலும் இனி வானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. அதைப் போட வேண்டிய வேலை அண்ணனுடைய பிரிவுக்கு வந்தது.

அப்போது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை என் இணைப்புப் பலகையிலேயே அவன் குரல் வந்தது.

"மூட்டை தள்ள ஆள் கேட்டாங்க. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு. நான் பேர் குடுத்துட்டேன்."

"எங்கே, ஏரோப்ளேன்லயா?"

"ஆமா."

"உனக்குப் பைத்தியமா அண்ணே? டவுன் பஸ்ஸுக்கே நீ தாங்க மாட்டே."

"பஸ்ல எனக்கு வேலை இல்ல, சும்மா உக்காந்திருந்தேன். இங்க வேலை இருக்கும். அதுவுமில்லாம மாப்பிள்ளை மேல இருக்காரு. அவருக்குப் போற மூட்டையை வேற எவனோ ஏன் தள்ளணும்? நீ பயப்படாதே."

வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் நான் அவனைத் தடுக்கவில்லை. மேலே இருந்தவர் என் புருஷன், எனக்கு அவர் வயிறு முக்கியமாக இருந்தது. அண்ணனின் வயிற்றை நான் அன்று நினைக்கவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விமானத்தின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். உள்ளே கூரை முட்ட மூட்டைகள். மருந்தும் தோட்டாவும் பாராசூட்டில் இறங்கும். தானியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அப்படியே விழ வேண்டியதுதான். அதனால் ஒரு சாக்குக்கு மேல் இன்னொரு பெரிய சாக்கைத் தளர்வாகப் போட்டுத் தைத்திருப்பார்கள். விழுந்த வேகத்தில் உள்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்கு தாங்கிக்கொள்ளும். தள்ளுபவர்கள் இடுப்பில் பெல்ட் மாட்டி, பெல்ட்டைக் கயிற்றால் விமானத்தோடு கட்டிக்கொண்டு, திறந்த வாசலில் நிற்பார்கள். பைலட் மணி அடித்தால் தள்ள வேண்டும். மணி நின்றால் கை நிற்க வேண்டும்.

முகாம் இருந்தது ஒரு மலைத்தட்டில். பள்ளிக்கூட மைதானம் அளவு இடம், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். விமானம் அதைக் கடக்கிற நேரத்தில் நாலைந்து மூட்டை தள்ளலாம், அவ்வளவுதான். ஒரு மூட்டை தாமதித்தால் பள்ளத்தில் விழும். பள்ளத்தில் எதிரி உட்கார்ந்திருந்தான், நம் மூட்டையை அவன் சமைத்துச் சாப்பிடுவான். ஆகவே விமானம் மலைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். என் அண்ணனின் வயிற்றுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வேலை மாதிரி இருந்தது அது.

முதல் நாள் மூட்டைமேல் வாந்தி எடுத்தான், தரையில் எடுத்தான், கூடத் தள்ளிய தடியனின் பூட்ஸ்மேல் எடுத்தான். தடியன் நல்லவன், ஆனால் பூட்ஸ் புதிது. இறங்கியதும் அண்ணன் சமையல்கூடத்துக்குப் போய் ஒரு காலி பிஸ்கட் டின்னை வாங்கினான். ஓட்டை போட்டுக் கம்பி கோத்து இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் அவனுக்குப் பெயரே டின் என்றாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் மேடையில் பேசுகிறவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன உறுதியால் நோயை வென்றார்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் ஒன்றையும் வெல்லவில்லை. ஒரு நாள்கூட வாந்தி நிற்கவில்லை. இஞ்சி தின்று பார்த்தான், பட்டினி கிடந்து பார்த்தான், ஒரு மண்ணும் நடக்கவில்லை. கடைசியில் அதோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தான். விமானம் திரும்பும்போது தள்ளுகிற வேலை இல்லை, அப்போது டின். நேராகும்போது மணி அடிக்கும், அப்போது மூட்டை. திரும்பி நேராவதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு கையை மூட்டைமேல் வைத்துவிட வேண்டும். வராவிட்டாலும் விரலை விட்டு வரவழைத்து முடித்துக்கொண்டான், மணி அடிக்கிற நேரத்தில் வந்து தொலைக்கக் கூடாதே என்று.

உடம்பு இளைத்தது. பெல்ட்டில் புதுப் புது ஓட்டை போட்டான். பிரிவின் டாக்டர் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். விலா எலும்பைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார்.

"நாளையிலேர்ந்து நீ ஸ்டோர்."

"சார், நான் இதுவரைக்கும் ஒரு மூட்டையும் தவற விடல."

"தவற விடற வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா? வாசல்கிட்ட மயங்கி விழுந்தா என்ன பண்ணுவே?"

"கயிறு கட்டியிருக்கேன் சார்."

"தம்பி, உன் வயிறு இந்த வேலைக்கு ஆகாது."

"தள்றது கை சார். வயிறு சும்மா கூட வருது, அவ்வளவுதான்."

அவன் விடாக்கண்டன், டாக்டர் கொடாக்கண்டன். தினமும் மருத்துவ அறை வாசலில் போய் நின்றான். தொல்லை தாங்காமல் டாக்டர் ஒரு நாள், "சரி, நானே கூட வந்து பாக்கறேன். உன்னால ஒரே ஒரு மூட்டை பள்ளத்துல விழுந்தாலும் நீ தரைதான். அப்புறம் இந்த வாசல் பக்கம் வரக் கூடாது," என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் டாக்டரேதான். போர் முடிந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அன்று காற்று மோசம். மலைக்குள் நுழைந்ததும் விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முதலில் விழுந்தவர் டாக்டர். மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடுத்தது தடியன். வாழ்நாளில் ஒரு தடவைகூட வயிறு பிரட்டியறியாத ஆள் அவன். இரும்பைத் தின்றாலும் செரிக்கும் என்று பீற்றிக்கொள்வான். அன்று வந்தபோது என்ன செய்வதென்றே அவனுக்குத் தெரியவில்லை. சாகப் போகிறேன் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டான். இன்னொருவன் கயிற்றைப் பிடித்தபடி குந்தியவன் குந்தியவன்தான். மூன்று பேர் தள்ள வேண்டிய வாசலில் என் அண்ணன் ஒருவன் நின்றான்.

அவனுக்கும் வந்தது. மற்றவர்களுக்கு வந்ததைவிட அதிகமாகவே வந்தது. ஆனால் அவனுக்கு அது தினப்படி வேலை. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? திருப்பத்தில் டின்னைப் பிடித்தான், நேரானதும் வாயைத் துடைத்தான், மணிக்குக் காலால் உதைத்துத் தோளால் முட்டி மூட்டையை அனுப்பினான். ஒருவனாகத் தள்ளியதால் ஒரு சுற்றில் ஒன்றோ இரண்டோதான் போயிற்று. பைலட் திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

"இன்னும் மூட்டை இருக்குன்னு சொல்லுங்க," என்றான் அண்ணன்.

இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. மூட்டை தீரும்வரை சுற்றினார்கள். மல்லாந்தபடியே டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில் ஒன்றும் விழவில்லை.

தரை இறங்கியதும் டாக்டர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து விறைப்பாக எதிரே நின்றான்.

"சார், நான் ஸ்டோருக்குப் போகணுமா?"

"முதல்ல எனக்குத் தண்ணி குடு," என்றார் டாக்டர். குடித்தார். "உன்னை இறக்கிட்டா அங்க நிக்கறதுக்கு யாரு இருக்கா? போ. மேலேயே இரு. ரொட்டியைக் காய வெச்சுத் தின்னு, உப்புத் தண்ணி குடி. வேற வைத்தியம் எனக்குத் தெரியாது."

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து, எக்ஸ்சேஞ்சில் நான் பலகை முன்னால் இருந்தபோது மேற்பார்வையாளர் அம்மா பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார். வாசலில் ராணுவ உடுப்போடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் குண்டு பட்டு இறந்துவிட்டார். முகாமிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாதை இல்லை, கொண்டுவர வழியில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கையில் ஓர் இணைப்பு பாதியில் நின்றது, அதைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அண்ணன் லீவில் வந்தான். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, பிழிந்துபோட்ட துணி மாதிரி கூடத்தில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்தபோது எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது.

"இனிமே போகாதே," என்றேன். "அவரே போயிட்டாரு. யாருக்காக நீ குடலைக் கக்கிட்டுக் கிடக்கணும்? டாக்டர்கிட்ட சொல்லு, உடனே ஸ்டோர் குடுப்பாரு. எங்களுக்கு நீயாவது மிச்சம் இருக்கணும்."

அம்மா அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிய சத்தம் நின்றது. அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர்களுக்கும் கேட்க வேண்டியது அதுதான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"மாப்பிள்ளை போனது செவ்வாய்க்கிழமை," என்றான்.

"தெரியும்."

"எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் சொன்னாங்க. நடுவுல புதனும் வியாழனும் நான் போட்டேன். அவருக்குன்னு நினைச்சுத்தான் போட்டேன். மேலேர்ந்து பாத்தா ஆளுங்க ஓடி வர்றது தெரியும், முகம் தெரியாது. அதுல ஒருத்தர் அவருன்னு நினைச்சுக்குவேன்." மூக்கை உறிஞ்சினான். "அந்த ரெண்டு நாள் மூட்டையையும் யாரோ பிரிச்சிருக்காங்க. பசிச்சுத்தானே பிரிச்சிருப்பாங்க? அது எல்லாம் தப்பான இடத்துக்குப் போன மூட்டையா? நீயே சொல்லு."

அவர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து அந்த மூட்டையைச் சாப்பிட்டவர்கள்மேல் எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் பட்டினி கிடக்கட்டும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. எழுந்துபோய் அவன் விமானப்படை உடுப்பைத் தேய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை அவனோடு பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அது அப்பாவின் பஸ். அப்பா அவனை முன் சீட்டில், ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தார். "இங்க குலுக்கல் கம்மி," என்றார். எல்லாரும் ஏறியாயிற்று. டிரைவர் இஞ்சினைக் கிளப்பிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்பா படியில் நின்று விசிலை வாயில் வைத்தார், ஆனால் ஊதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனைக் கையைப் பிடித்து இறக்கியிருப்பார். அவனும் அன்று ஒருவேளை இறங்கியிருப்பான். உள்ளே அவன் முகம் அதற்குள் வெளிற ஆரம்பித்திருந்தது.

"ஊதுங்கப்பா," என்றேன். "அவனுக்கு நேரமாச்சு."