சக்கையை இழுத்தால் அடங்குமா

என் வீட்டுக்காரர் காந்தலூர்ப் பக்கம் ஒரு வெல்ல ஆலையில் பாகு காய்ச்சும் கொப்பரையைப் பார்க்கிறவர். போன வருஷம் அவருடைய காது மடலில் சொரசொரவென்று ஒரு செதில் வந்தது. உரிந்து விழும், மறுபடி வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். துளிச் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, இது தோல் புற்றின் ஆரம்பம், மேல்தோலில்தான் இருக்கிறது, இப்போதே வெட்டிவிட்டால் காது தப்பும் என்றார்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். "இது எப்படி வருது?" என்று கேட்டுவைத்தார். டாக்டரம்மா விளக்க ஆரம்பித்தார்: வெயில் பட்டுக் கெட்ட செல்கள், கட்டியாகத் திரளும் முன்பே, தீனி எரிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளுமாம். சில செல்கள் காற்று தாராளமாக இருந்தும் சர்க்கரையை அரைகுறையாக எரிக்குமாம். சில, வழக்கத்தைவிட மும்முரமாக எரிக்குமாம். அரைகுறையா, மும்முரமா? எனக்குத் தலை சுற்றியது. இவருக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது.

ஆலையில் பாகு பொங்கி வந்தால் அடுப்பு வாயிலிருந்து எரிகிற கரும்புச் சக்கையை இழுத்துவிடுவார்கள். பொங்குவது அடங்கும். இவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"வெட்டெல்லாம் பொறவு. மொதல்ல தீனிய நிறுத்துறேன், தன்னால அடங்கும்" என்றார்.

அன்றிலிருந்து காபியில் இனிப்பில்லை, தட்டில் சோறில்லை. பதம் பார்க்க நாக்கில் வைக்கும் பாகையும் துப்பினார்.

"ஏங்க, டாக்டரம்மா வெட்டத்தானே சொன்னாக, பட்டினி கெடக்கவா சொன்னாக?"

"ஒனக்கு அடுப்பப் பத்தி என்ன தெரியும்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் ஒரு வாரம் செதில் நன்றாக உதிர்ந்தது. ஒருவேளை இந்த மனுஷன் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாரை நம்புவது?

நாலைந்து மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு ஆள் மெலிந்தார். செதில் மட்டும் தடித்துப் புண்ணானது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிப் பாதி மடலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

இவர் நம்பவில்லை. "நான்தான் எதுவும் திங்கலியே டாக்டர். அது என்னத்தத் தின்னு வளந்துச்சு?"

டாக்டரம்மா அவருடைய எலும்பு துருத்திய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சாப்பிடலைன்னா, உடம்பு தன் சதையைக் கரைச்சுச் சர்க்கரை உண்டாக்கும். அதைத்தான் தின்னிருக்கு."

இவர் தன் மணிக்கட்டைத் தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பசிக்குதுடி" என்றார்.