மஞ்சள் ஓட்டு ஆமைகள்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்துப் போடவே மீசை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் பழகினேன். ஆனால் நாமக்கல்லைச் சுற்றி இன்றைக்கும் தண்ணீர் இறைக்கும் கிணறுகளில் பாதி நான் ஆள் வைத்து வெட்டியவை. எந்தப் பாறையிலும் ஊற்றுக் கண்டவன் என்று என்னைச் சொல்வார்கள். அது பொய்யில்லை.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றுக்காகக் கள்ளிப் புதரை வெட்டும்போது ஓர் ஆண் ஆமை கிடைத்தது. எங்கள் காட்டு ஆமைகளுக்குக் கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல இருக்கும். இதற்கு ஓடு முழுக்க மஞ்சள். இந்த மாதிரி இன்னொன்று இந்தச் சீமையில் எவனிடமும் இல்லை. மஞ்சள் வம்சம் ஒன்று என் பெயரோடு நிலைக்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். தோட்டத்தில் கிணற்றுக் கல்லால் இடுப்பளவு சுவர் எழுப்பி அதற்குள் விட்டேன். ஆமை வளர்க்கிறவன் குடும்பம் விளங்காது என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாதாரணப் பெட்டை ஒன்றைச் சேர்த்தேன். குட்டிகள் எல்லாம் கருப்பு. அதில் ஒரு பெட்டை வளர்ந்ததும் தகப்பனோடேயே விட்டேன். ஆமை வயதுக்கு வரப் பல வருஷம் ஆகும், நான் பொறுத்தேன். அந்த ஜோடிக்குப் பொரித்த குட்டிகளில் பாதி மஞ்சளாக வந்தன. சேலத்திலிருந்தும் மோகனூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு மஞ்சளை மஞ்சளோடு மட்டுமே சேர்த்தேன்.

யுத்த காலத்தில் முட்டைகள் பொரிக்காமல் கூழாகத் தொடங்கின. மண்ணில் சூடு போதவில்லை என்று மண்ணை மாற்றினேன். பொரித்த சிலவற்றில் ஒன்றுக்கு ஓடு கோணல், ஒன்றுக்குப் பின்கால் இல்லை. கடைசியாக வந்ததற்குக் கண் இருக்கவேண்டிய இடத்தைத் தோல் மூடியிருந்தது. அது நேராக நடந்து சுவரில் முட்டி நின்றது. திருப்பி வைத்தேன். எதிர்ச் சுவருக்குப் போய் முட்டியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று ஆடு வாங்க வந்த வியாபாரி, பழைய சிநேகிதர், சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே ஊட்டுச் சனமுங்களா, மேஸ்திரி?”

“ஆமாங்க பாய். வெளி ரத்தம் கலக்கவே உடலைங்க.”

“உங்க பட்டியில போன வருசக் கெடா இப்ப இருக்குதுங்களா?”

“அது ஆடுங்க. கெடாவ மாத்தாட்டிக் குட்டி தேறாது.”

“இதுக்கு மட்டும் அப்பனே மாப்பிள்ளைங்களா?”

ஆட்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்குள் கண்ணில்லாததும் மற்ற மஞ்சள்களும் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சிய ஓர் ஆணோடு காட்டுப் பெட்டை ஒன்றைப் பிடித்து வந்து விட்டேன். முட்டை ஒன்றுகூட வீணாகவில்லை. குட்டிகள் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை இழுத்துப் பறித்துத் தின்றன. எல்லாம் கருப்பு.

வியாபாரி மறுபடி வந்தபோது, “மஞ்ச ஒன்னுமில்லீங்களா?” என்றார்.

“இல்லீங்க.”

“இதுக வளந்ததும் ஒன்னுக்குள்ள ஒன்னாச் சேத்துட்டா வருமில்லீங்க? முன்ன அப்படித்தான வந்துச்சு.”

“வருமுங்க. கண்ணில்லாததும் வருமுங்க.”

கடப்பாரையை எடுத்துச் சுவரின் அடிக்கல் இரண்டைப் பெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி அந்த வழியாக வெளியே போனது. பின்னால் இன்னொன்று. மஞ்சள் ஆண் நிழலில் கிடந்தது.

“போயிருமுங்களே, மேஸ்திரி” என்றார் வியாபாரி.

“போவட்டும்” என்றேன். கையைத் தட்டிவிட்டு, அவரைப் பட்டிக்கு அழைத்துப் போனேன்.