மூன்றரைத் தொன் இழுக்கும் வண்டி

எங்கள் வீட்டில் ஒரு வாகனம் வாங்கினால் முதலில் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்போம். அது எவ்வளவு இழுக்கும் என்பதைப் பிறகுதான் விசாரிப்போம். அப்பாவின் பிக்கப் வண்டியும் அப்படித்தான் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. விளம்பரத்தில் மூன்றரைத் தொன், அதாவது மூவாயிரத்து ஐந்நூறு கிலோ, இழுக்கும் என்று போட்டிருந்தார்கள். அதை அப்பா கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அப்பாவுக்குக் கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறுகளில் தமிழர்களின் கல்யாணங்களுக்கு, மணமக்கள் அமரும் மணவறையை வாடகைக்குக் கொடுப்பார். தூண்கள், சோடனைக் கதிரைகள், குத்துவிளக்குகள், இரும்புச் சட்டங்கள் எல்லாம் ஒரு பெரிய ட்ரெய்லரில் கிடக்கும். ஒருமுறை விபோர்க் நகரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன் விளக்குகள் வானத்தைப் பார்த்தன. பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் ஓடிவந்து அப்பாவை மறித்து வகுப்பெடுத்தார். அந்த மூன்றரைத் தொன் என்பது வண்டி வெறுமையாக இருந்தால்தான். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து ஆறு தொன்னைத் தாண்டக்கூடாது. வண்டியின் முதுகில் ஏற்றும் ஒவ்வொரு பொருளும், உள்ளே ஏறி இருக்கும் ஒவ்வொரு ஆளும், இழுக்கக்கூடிய பாரத்திலிருந்து கழியும்.

அன்று கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா இதைத் தானே கண்டுபிடித்ததுபோல எனக்குச் சொல்லித் தந்தார். எனக்கு ஒன்பது வயது, கணக்கென்றால் பைத்தியம். அதன்பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பாரக் கணக்கு என் பொறுப்பானது. "உம்மட அண்ணைமார் சாப்பிட்டுப்போட்டு ஏறினால் ரெண்டு தூணை இறக்கவேணும்" என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார். அம்மா அகப்பையை ஓங்குவார்.

அந்த வருடங்களில் டென்மார்க் தமிழர்கள் பலர் லண்டனுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம், பெரியவர்களுக்குக் கோயிலும் தமிழ்க் கடையும் என்று காரணம் சொன்னார்கள். அப்பாவும் மணவறையோடு லண்டன் போவதென்று முடிவெடுத்தார். எல்லோரும் சேர்ந்து போவதாகத்தான் முதலில் பேச்சு. கோடை விடுமுறை நெருங்க நெருங்கப் பேச்சு மாறியது.

"பாரம் கூடிப்போச்சு. இந்தமுறை நான் தனியப் போறன். வீடு ஒண்டு எடுத்துப்போட்டு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் அப்பா.

பாரம் என்று சொன்னால் நான் விடுவேனா? நிறுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா கதையை மாற்றப் பார்த்தார். நான் சாப்பிடாமல் அழுது அடம்பிடித்தேன். கடைசியில் அம்மாதான், "இஞ்சருங்கோ, பிள்ளை சொல்லுறதும் சரிதானே. நிறுத்துப் பாப்பம். பாரம் சரியெண்டால் நாங்களும் லீவுக்கு வந்து நிக்கிறம்" என்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்த அம்மாவுக்கும் அப்போது விடுமுறை. சொன்ன கையோடு ஒரு பெட்டியும் அடுக்கினார். தன் நல்ல சேலைகளை அதில் வைத்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

புறப்படும் காலையில் ஊருக்கு வெளியே மாட்டுத்தீவனம் விற்கும் இடத்துக்குப் போனோம். அங்கே லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு இருந்தது. நாங்கள் மூவரும் உள்ளே இருக்க, வண்டியும் ட்ரெய்லரும் அதன்மேல் ஏறின. பலகையில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன. ஆறு தொன்னுக்கு மேல் அறுபது கிலோ.

"பாத்தியோ பிள்ளை, நான் சொன்னனானெல்லோ?" என்றார் அப்பா. அவர் குரல் ஏனோ இலேசாகியிருந்தது.

நான் விடவில்லை. ஜெர்மனி எல்லைக்குப் போய் அம்மா வாங்கிவந்த அரிசி மூட்டைகள் வண்டியின் முதுகில் கிடந்தன. "அரிசியை இறக்குங்கோ அப்பா. லண்டனிலை சந்திக்குச் சந்தி தமிழ்க் கடை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அப்பா அசையவில்லை. தீவனக் கடைக்காரருக்கு நான் டேனிஷில் விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கிச் சுவரோரம் அடுக்கினார். எண்கள் மளமளவென்று இறங்கின. ஆறு தொன்னுக்கு உள்ளே, மிச்சமும் இருந்தது! நான் கைதட்டிக் கத்தினேன். கடைக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அப்பா சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"சரியெண்டு காட்டுது" என்றார் அம்மா மெதுவாக.

அப்பா பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிப்போய், அரிசி மூட்டை ஒன்றை இழுத்துவந்து வண்டியில் போட்டார்.

"என்னம்மா செய்யிறீங்கள்? பாரம் கூடப்போகுது!"

"கூடினால் கூடட்டும். எனக்கு இந்த அரிசி இல்லாமல் ஏலாது. நாங்கள் அடுத்தமுறை போவம். இறங்கு."

"விடும், நான் ஏத்துறன்" என்று அப்பா இறங்கி வந்தார். "நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ" என்றார் அம்மா. அவர் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எல்லா மூட்டைகளையும் தானே தூக்கி ஏற்றினார். எங்கள் பெட்டியை இறக்கித் தரையில் வைத்தார். அப்பா என் தலையைத் தடவினார். அடுத்தமுறை எதை எதை இறக்கலாம் என்று கணக்குப் பார்த்து வைப்பதாக அவருக்கு நான் வாக்குக் கொடுத்தேன். அவர் அவசரமாகத் திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டார். நாங்கள் இருவரும் இறங்கியதால் பாரம் அளவுக்குள் இருந்தது. வண்டி எந்தச் சிரமமும் இல்லாமல் போனது.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். "உங்கட அரிசியாலைதான் எல்லாம்!"

"ஓம் பிள்ளை, என்ர பிழைதான்" என்றார் அம்மா.

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. லண்டனில் அப்பாவுக்கு வேறொரு குடும்பம் ஏற்கெனவே இருந்தது என்பது நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருடம் முழுவதும் பள்ளிக்கூடத்திலும் மாமாமாரிடமும், அம்மா அரிசியை விடமாட்டேன் என்றதால்தான் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்பார், மறுக்கமாட்டார். அப்பாவுக்கு நாங்கள் வேண்டாதவர்களாகிவிட்டோம் என்பது எனக்குத் தெரியாமல் மறைக்க, அந்த நேரத்தில் அம்மாவின் கைக்கு அகப்பட்டது அரிசி மட்டுந்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.